பாறையில் ஓர் அமானிதம்

அன்னாசிப் பழத்தை அறியாத இல்லம் நம்மிடையே இராது. நோன்பு திறக்கும் தட்டிலும் அது இடம்பெறும். கடற்கரையூர் சிலவற்றின் திருமண விருந்தில் பச்சடியாகவும் பரிமாறப்படும். ஆயினும் அது நம் மண்ணின் பயிரன்று. தென் அமெரிக்காவில் தோன்றி, 1493-ஆம் ஆண்டில் குவாதலூப் தீவில் கொலம்பஸின் கண்ணிற்பட்டு, பின்னர்ப் போர்த்துக்கீசியரின் கப்பலேறி 16-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரையை அடைந்தது அது. ஜஹாங்கீர் பாதுஷா தம் நினைவுக் குறிப்புகளில், பறங்கியர் துறைமுகங்களிலிருந்து வந்த இக்கனி ஆக்ராவின் குல் அஃப்ஷான் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் விளைவதைப் பெருமையோடு எழுதி வைத்திருக்கின்றார். பாதுஷாவின் பேனாவையே கவர்ந்த பழமாயிற்றே, அதன் குலம் கோத்திரத்தைக் கேட்டவர் எத்தனை பேர்?

அக்குலம் பெரிது. தாவர நூலார் அதனைப் புரோமிலியேசி என்று அழைப்பர். 3,700-க்கும் மேற்பட்ட இனங்கள் அதிலுண்டு. அவற்றுள் நம் வாய்க்கு ருசியாக அமைந்து உலகமெங்கும் பரவியது அன்னாசி ஒன்றே எனலாம். ஏனையவை மரக்கிளைகளிலும், மணற்காடுகளிலும், மலைமுகடுகளிலும் மனிதனுடைய பசிக்கும் பைக்கும் தொடர்பின்றி வாழ்கின்றன. அவற்றிலும் ஒரு கூட்டம் வெறும் பாறையையே வீடாகக் கொண்டிருக்கின்றது. அக்கூட்டத்தைப் பற்றியும், அதனை முன்னிட்டு எழும் ஒரு கேள்வியைப் பற்றியும் எழுத முற்பட்டேன்.

பிரேசில் நாட்டின் தென்கிழக்கே எஸ்பிரிட்டோ சாண்டோ, மினாஸ் ஜெராய்ஸ், ரியோ டி ஜெனிரோ ஆகிய மாநிலங்களில், சமவெளியிலிருந்து திடுமென எழுந்து நிற்கும் கருங்கற் குன்றுகள் பல உள. மண் இல்லை, நிழல் இல்லை. நண்பகலில் அக்கல்லின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸையும் தாண்டிக் கொதிக்கும். மழை பெய்தால் நீர் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அந்தச் செங்குத்துச் சுவரில் ஒரு செடி ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அதன் வேர் உணவு தேடுவதற்கன்று, பிடித்துக்கொள்வதற்கே. நீரையும் சத்தையும் உறிஞ்சுவன இலைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள். பனித்துளியும் மூடுபனியும் அவற்றிற்குப் போதும். இத்தகைய செங்குத்துப் பாறைவாசிகளிற் பலவற்றை நெடுங்காலம் வேறொரு பேரினத்தில் சேர்த்து எண்ணி வந்தனர். 2016-ஆம் ஆண்டில்தான் அவற்றுக்கு ஸ்டிக்மாட்டோடான் என்னும் தனிப்பெயர் சூட்டினர்.

இக்குலத்தின் பாறைவாசிகள் பலவும் கற்றாழையைப் போன்று இன்னொரு வித்தையையும் அறிந்திருக்கின்றன. பகலில் இலையின் நுண்துளைகளைத் திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெந்துபோகும். ஆகவே பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து, வேண்டிய காற்றை உள்ளிழுத்துச் சேமித்துக்கொண்டு, மறுநாள் கதிரொளியில் அதனைச் சமைத்துண்கின்றன. பகலில் நோற்று இரவில் உண்ணும் கூட்டம்! மாணவர்களுக்கு இதனைச் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அல்கான்டாரியா என்னும் வகையோ தன் அகன்ற இலைகளின் அடியைக் குடம்போல் குவித்து மழைநீரை ஏந்தி வைத்துக்கொள்கின்றது. கொதிக்கும் பாறையின் நடுவே அந்த நீரில் தவளை வாழ்கின்றது, பூச்சியினங்கள் முட்டையிடுகின்றன. பாலைவனத்துச் சத்திரம் என்று அதனை அழைத்தால் மிகையாகாது.

இத்தகைய பாறைகளிலிருந்து ஆண்டுதோறும் 'புதிய இனம்' என்று சில செடிகள் அறிவிக்கப்பட்ட வண்ணம் உள்ளன. அவ்வாறு அறிவிப்பதற்கு ஒரு முறையுண்டு. கண்டவர் செடியைப் பூவோடு எடுத்து, அழுத்தி உலர்த்தி, முன்னரே பெயரிடப்பட்ட உறவினச் செடிகளோடு இலை இலையாக, இதழ் இதழாக ஒப்பிட வேண்டும். வேறுபாடு உறுதியானால், ஒரே ஒரு மாதிரியை மூலச்சான்றாகக் குறித்து, பலரும் வந்து பார்க்கத்தக்க உலர்தாவரச் சாலையொன்றில் வைத்து, விளக்கத்தை அச்சிட்டு வெளியிட வேண்டும். 2011-ஆம் ஆண்டு இறுதிவரை அவ்விளக்கம் லத்தீன் மொழியில் இருந்தாலன்றிச் செல்லாது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றாயிற்று. அறிவிப்பாளர், ஆதாரம், ஒப்பீடு, பதிவு என்றமையும் இவ்வொழுங்கைக் காணுந்தோறும் ஹதீஸ் கலையின் இஸ்னாது எனக்கு நினைவுக்கு வராமற் போவதில்லை. இக்குலத்தின் நூற்றுக்கணக்கான செடிகளுக்குப் பெயர் தந்த எல்ட்டன் லெமே என்பவர் ரியோ டி ஜெனிரோவில் நீதிபதியாக இருந்தவர். வழக்குக் கட்டுகளுக்கும் பாறைச் செடிகளுக்கும் நடுவே ஒரு மனிதர் தம் ஆயுளைப் பங்கிட்டிருக்கின்றார். சாட்சியத்தின் அருமை காழிக்குத் தெரியுமல்லவா?

இவற்றையெல்லாம் நான் விவரித்து முடித்ததும், கூர்மையான ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "ஹஜ்ரத், அந்தச் செடி தின்ன ஆகாது, மருந்துக்கும் ஆகாது, நிழலும் தராது. வீணாகப் படைக்கப்பட்டது ஒன்றுமில்லை என்று ஈமான் கொண்டிருக்கிறோம். ஆனால் பூமியிலுள்ளவை யாவும் நமக்காகப் படைக்கப்பட்டவை என்றும் ஓதுகிறோமே! நமக்கென்று இருக்கும் பொருளை நாம் அழித்தால் குற்றம் எங்கே?"

கேள்வி நேர்மையானது. அதனை அதட்டி உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. நஹ்வு இலக்கணத்திலிருந்தே தொடங்கினேன்.

'உங்களுக்காக' என்று திருமறை சொல்லுமிடத்தில் நிற்பது 'லாம்' என்னும் ஓரெழுத்து. அதற்கு ஒரே பொருள் என்று எண்ணியவன் இலக்கணத்தின் முதற்படியைக் கூட ஏறவில்லை. பணம் ஸைதுக்குரியது என்றால் அந்த லாம் உடைமையைக் குறிக்கும். சேணத்தின் கீழ் விரிக்கும் துணி குதிரைக்குரியது என்றாலும் அதே லாம்தான். ஆனால் குதிரை அத்துணிக்கு உடைமையாளனா? இல்லை. துணி குதிரையின் தேவைக்கென்று அமைந்தது, உடைமையாளன் குதிரைக்காரன். மத்ரஸாவில் இரண்டாம் ஆண்டிலேயே நாம் நெட்டுருச் செய்யும் இவ்வேறுபாட்டை, வாழ்க்கைக்கு வரும்போது மறந்துவிடுகின்றோம். வானங்களும் பூமியும் எவனுக்குரியவை என்று மறை திரும்பத் திரும்பச் சொல்லுகின்றதோ, அவனே உடைமையாளன். நமக்குள்ளது அனுபவிக்கும் அனுமதி. அனுமதி பெற்றவன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன்.

மற்றும், பூமி எவருக்காக விரித்து வைக்கப்பட்டது என்று அர்ரஹ்மான் அத்தியாயம் கூறுமிடத்தில் 'அனாம்' என்றொரு சொல் வருகின்றது. மனிதர் என்றும், மனிதரும் ஜின்களும் என்றும் அதற்குப் பொருள் கண்டோர் உண்டு. உயிர் கொண்டு அதன்மேல் வாழும் படைப்பினங்கள் அனைத்தும் என்று விரித்துரைத்த முஃபஸ்ஸிர்களும் உண்டு. இந்த விரிந்த பொருளை ஏற்றுக்கொண்டால், நாம் இவ்வீட்டில் தனிக்குடித்தனம் செய்பவர்களல்லர்; கூட்டுக்குடும்பத்தில் ஒருவர்.

மாணவர் விடவில்லை. "ஃபிக்ஹில் இதற்கு இடம் உண்டா ஹஜ்ரத்?" என்றார். இங்கேதான் நான் தடுமாறியதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் நஃபக்கா பற்றிய பகுதியின் இறுதியில், வளர்க்கும் பிராணிக்கு உணவும் நீரும் தருவது உடையவன் மீது கடமை என்றுள்ளது. உயிரின் கண்ணியம் அதற்குக் காரணம். ஆனால் ரூஹு இல்லாத வீட்டையும் வாய்க்காலையும் பழுதுபார்ப்பது கடமையன்று. பயிருக்கும் மரத்திற்கும் நீர் விடாமல் காயவிடுவதோ, பொருளை வீணாக்குவதாகும் என்பதனால் வெறுக்கத்தக்கது. ஆகவே செடியைப் பற்றிய சட்டம் சொத்தைப் பற்றிய சட்டத்தின் உள்ளே அடங்கிக் கிடக்கின்றது. எவனுக்கும் சொத்தாகாத காட்டுச் செடிக்கு அங்கே பேச்சில்லை. ஸுல்தானுல் உலமா இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டிலேயே, பிராணிகளுக்கு மனிதன் மீதுள்ள ஹக்குகளைத் தனியாக எடுத்து எழுதினார்கள். அப்பட்டியலும் பிராணிகளைப் பற்றியதே.

இந்த அளவில் நின்றுவிட்டால் மாணவருடைய கேள்விக்கு விடையில்லை. ஆனால் ஹஜ்ஜின் பாடத்தைத் திறந்தால் முற்றிலும் வேறொரு காட்சி தென்படுகின்றது. மக்காவின் ஹரம் எல்லைக்குள் ஒரு மரத்தை வெட்டியவன், பெரிய மரமாயின் ஒரு மாடும், சிறியதாயின் ஓர் ஆடும் பரிகாரம் தர வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். அம்மரம் எவன் நட்டது? எவனுக்குப் பழம் தந்தது? அக்கேள்விகளுக்கு அங்கு இடமில்லை. அதனினும் வியப்பு ஹனஃபீ அறிஞர்களின் நுட்பம்: மனிதர் வழக்கமாக நட்டு வளர்க்கும் பயிர்களை அவர்கள் விலக்கி, எவரும் நடாமல் தானாக முளைத்த காட்டுச் செடிக்கே ஹரத்தின் பாதுகாப்பு உரியது என்றார்கள். மனிதன் கைபட்டதில் மனிதனுக்குப் பங்குண்டு. கைபடாததோ அந்தப் புனித நிலத்துக்கே உரியதாய் நிற்கின்றது.

அது இடத்தின் புனிதமேயன்றிச் செடியின் உரிமையன்று என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரியே. மக்காவின் சட்டத்தை பிரேசிலின் பாறைக்கு நீட்டுவதற்கு எனக்குக் கியாஸ் செய்யும் தகுதியும் இல்லை, துணிவும் இல்லை. நான் சொல்லவருவது இவ்வளவே: பயனுமின்றி உடையவனுமின்றி நிற்கும் ஒரு செடிக்காக மனிதன் தலைகுனிந்து ஈடு கட்ட வேண்டிய நிலை நம் சட்டத்திற்கு அந்நியமானதன்று.

அச்சட்டம் பிறந்த நாளிலேயே நிகழ்ந்த ஒன்றையும் இங்கே நினைவு கூர வேண்டும். மக்கா வெற்றியின்போது, அங்குள்ள புல்லும் முள்ளும் வெட்டப்படலாகாது என்று அண்ணல் நபி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபொழுது, அப்பாஸ் (ரலி) அவர்கள் எழுந்து, இத்கிர் என்னும் வாசனைப் புல்லுக்கு மட்டும் விலக்குக் கேட்டார்கள். கொல்லர்களின் உலைக்கும் வீடுகளுக்கும் அது தேவைப்படுகிறது என்று காரணமும் சொன்னார்கள். இத்கிர் நீங்கலாக என்று விலக்குக் கிடைத்தது. இந்நிகழ்ச்சியை நான் பலமுறை ஓதிக் கொடுத்திருக்கின்றேன். ஆனால் அதிலுள்ள ஒழுங்கு அண்மையில்தான் உறைத்தது. தேவை மறுக்கப்படவில்லை. எந்தப் புல் என்று பெயர் சொல்லிக் கேட்கப்பட்டது. என்ன தேவை என்று சபையறியச் சொல்லப்பட்டது. சொல்லப்பட்ட அளவுக்கே விலக்கு அளிக்கப்பட்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையைச் சொல்லுகின்றேன். பிரேசிலின் தெற்கே பெலோட்டாஸ் என்றோர் ஆறு, உருகுவே ஆற்றின் மூல ஆறுகளுள் ஒன்று. அதன் கரைப்பாறைகளிலும் உருகுவே ஆற்றின் பாறைகளிலும் டிக்கியா டிஸ்டாக்கியா என்னும் அன்னாசிக்குலச் செடி வாழ்ந்தது. முள் விளிம்புடைய தடித்த இலைகள் வட்டமாக அடுக்கியிருக்கும். அதன் வாழ்க்கை விந்தையானது. வெள்ளம் வரும்போது ஆற்றின் முழு வேகமும் அதன் மேல் பாயும். அது பாறையைப் பற்றிக்கொண்டு மூழ்கிக் கிடக்கும். வெள்ளம் வடிந்ததும் அதே பாறையில் வெயிலில் காயும். மூழ்குவதும் காய்வதும் மாறி மாறி வருகின்ற அந்தக் குறுகிய கரையில் வேறு செடிகள் நிலைப்பது அரிது. ஆகவே அந்த இடம் அதற்கென்று வாய்த்தது.

அவ்வாறுகளில் மின்சாரத்திற்காக அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஓடிய வெள்ளம் தேங்கிய ஏரியாயிற்று. எத்தனை பெரிய வெள்ளத்தையும் தாங்கிய செடி, வடியாத நீரைத் தாங்க முடியாமல் அழிந்தது. அவற்றுள் பார்ரா கிராண்டே அணையின் வரலாறு தனித்துச் சொல்லத்தக்கது. அணை கட்டுமுன் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பற்றி ஓர் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அறிக்கை தரப்பட்டது, அனுமதியும் கிடைத்தது, அணையும் ஏறத்தாழக் கட்டி முடிந்தது. நீர் தேக்குவதற்குமுன் மரங்களை வெட்ட அனுமதி கேட்டபோதுதான், மூழ்கவிருந்த நிலத்தில் சுமார் 6,000 ஹெக்டேர் அரௌக்காரியாக் காடு நிற்பதும், அதில் ஒரு பெரும்பகுதி கோடரி படாத பழங்காடு என்பதும் வெளியாயின. அறிக்கையில் அக்காடு உரிய வண்ணம் இடம்பெறவில்லை. அணை முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது என்றாயிற்று. வழக்குகள் நடந்தன; உடன்படிக்கை ஏற்பட்டது; 2005-ஆம் ஆண்டில் நீர் ஏறியது. காட்டோடு டிக்கியாவின் கரைப்பாறைகளும் நீரின் கீழே போயின.

மின்சாரம் தீமையா? நான் அவ்வாறு சொல்லமாட்டேன். இக்கட்டுரையை மின்விளக்கின் கீழ்தான் எழுதுகின்றேன். ஏழையின் வீட்டில் விளக்கெரிவது ஒரு செடியினும் மேலானது என்று ஒருவர் வாதிட்டால், அவரோடு நான் சண்டையிடப் போவதுமில்லை. அந்த வாதத்தை அவர் சபையில் எழுந்து, இன்ன காடு, இன்ன செடி, இத்தனை இழப்பு, இன்ன தேவை என்று பெயர் சொல்லி வாதிட வேண்டும் என்பதே என் கட்சி. அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வாறே கேட்டார்கள். அணைக்காரர்களின் அறிக்கையோ வாயை மூடிக்கொண்டது. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குரியது என்பது கடனைப் பற்றிய வசனங்களின் இடையே வரும் எச்சரிக்கை. கடன் ஒரு மனிதனுக்கும் இன்னொரு மனிதனுக்கும் இடையிலானது மட்டுந்தானா?

இத்தகைய மௌனம் செடியோடு நிற்பதில்லை என்பதையும் அந்நாடே காட்டியிருக்கின்றது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் இரும்புப் பாறை மேடுகள் அன்னாசிக்குலச் செடிகள் பலவற்றின் தாய்வீடு. அவையே இரும்புச் சுரங்கங்களும் கூட. அங்கே புருமாடின்யோவில், உறுதியாக இருக்கிறதென்று சான்றிதழ் வழங்கப்பட்டிருந்த சுரங்கக் கழிவு அணை 2019-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் உடைந்து 270 பேரைச் சேற்றில் புதைத்தது. காகிதத்தில் பொய் எழுதப்படும்போது முதலில் சாவது பேசாத செடி. அடுத்தது மலையடியில் மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்த தொழிலாளி.

இனிப் பெயரைப் பற்றி. புதிய இனத்திற்குப் பெயரிடுவதனால் செடிக்கு என்ன கூடிவிடுகிறது என்பது மாணவரின் மற்றொரு கேள்வி. ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பெயர்கள் அனைத்தையும் கற்பித்தான். மலக்குகளுக்கு முன்னால் அவரது சிறப்பு அதனாலேயே வெளிப்பட்டது. அந்தப் பெயர்கள் எவை என்பதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து வந்துள்ள விளக்கங்களுள் ஒன்று, பெரிய தட்டும் சிறிய தட்டும் வரை எல்லாவற்றின் பெயரும் என்கின்றது. தட்டுமுட்டுச் சாமானுக்கே அங்கே பெயர் உண்டென்றால் பாறைச் செடிக்கு இல்லாமற் போகுமா? ஆகவே, தாவர நூலார் 'புதிது' என்னும்போது அது அவர்களின் ஏட்டுக்குப் புதிது; படைத்தவனுக்கும் புதிதன்று, அங்கே வாழ்ந்தவர்களுக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இதனைச் சொல்லும்போது ஆப்பிரிக்காவுக்கு ஒரு சிறு பயணம் செய்யாமல் இருக்க முடியவில்லை. அன்னாசிக் குலம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களைச் சார்ந்தது. ஒரேயோர் இனம் மட்டும் அட்லாண்டிக் கடலுக்கு இப்பால், மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா நாட்டில் மணற்பாறைகளின் மேல் வளர்கின்றது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஷாக்-ஃபெலிக்ஸ் 1937-இல் அதனைக் கண்டார். மறு ஆண்டே அது அச்சில் ஏறியது. முதலில் அதற்கென்று ஒரு தனிப் பேரினமே படைத்து, பின்னர்த் தவறுணர்ந்து, ஏறத்தாழ 400 இனங்கள் கொண்ட பிட்கேர்னியாவில் சேர்த்து, பிட்கேர்னியா ஃபெலிசியானா என்றனர். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரிந்து சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இச்செடியின் முன்னோர் கடல் தாண்டியதோ சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்று மரபணுக் கணக்கு சொல்லுகின்றது. ஆகவே நிலம் பிரிந்தபோது பிரிந்த உறவன்று அது. நீரைக் கடந்து வந்த முஸாஃபிர். காற்றோ பறவையோ சுமந்து வந்த ஒரு விதை, பாறையில் விழுந்து, பாறையையே பிழைப்பாக்கிக் கொண்டது.

அது குடியேறிய ஃபூட்டா ஜாலோன் மேட்டுநிலம் நமக்கு அந்நியமானதன்று. செனகல், காம்பியா ஆகிய ஆறுகள் அங்குதான் பிறக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் ஃபுலானி மார்க்க அறிஞர்கள் அங்கே ஓர் இமாமத்தை நிறுவினார்கள். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அர்வி வளர்த்ததுபோல, அவர்கள் தம் புலார் மொழியை அரபு எழுத்தில் எழுதி, பெண்டு பிள்ளைகளுக்கு மார்க்கம் போதித்தார்கள். தியெர்னோ சம்பா மொம்பேயா என்னும் பெரியார் அம்மொழியில் இயற்றிய நூல் இன்றும் போற்றப்படுகின்றது. அந்தக் குன்றுகளில் ஆடு மாடு மேய்த்த மக்கள், செம்மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஒரு செடியை 1937 வரை கண்ணால் காணாதிருந்தார்கள் என்று எவரும் எண்ண இயலாது. அபூ ஹனீஃபா தீனவரி அவர்கள் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் தாவர நூல் எழுதியபோது, பாலைவன அரபிகள் எந்தச் செடியை எப்படி அழைக்கிறார்கள் என்பதைப் பரிவோடு திரட்டினார்கள். ஏட்டில் ஏற்றுபவன் முதலில் கேட்க வேண்டியது அந்த மேய்ப்பனிடந்தான் என்ற பண்பாடு அது.

பெயருக்கு இன்னொரு முகமும் உண்டு. 'இஸ்ம்' என்னும் அரபுச் சொல்லின் மூலம் எது என்று பஸரா, கூஃபா இலக்கண அறிஞர்களிடையே பழைய வழக்கொன்று இருக்கின்றது. உயர்வு என்று பொருள்படும் 'ஸுமுவ்வு' என்பதிலிருந்து வந்தது என்பர் பஸராவினர். ஒட்டகத்திற்குச் சூடு போட்டு அடையாளமிடுவதைக் குறிக்கும் 'வஸ்ம்' என்பதிலிருந்து வந்தது என்பர் கூஃபாவினர். சொல்லிலக்கண விதிப்படி பஸராவினர் கட்சியே வலியது. ஆனால் பாறைச் செடிகளின் கதையைப் படித்தபின் கூஃபாவினரையும் என்னால் தள்ள முடியவில்லை. பெயர் பெற்ற அரிய செடி சேகரிப்போர் சந்தையில் விலை பெறுகின்றது. இடம் தெரிந்ததும் கயிறு கட்டி ஏறிப் பறித்துச் செல்பவரும் கிளம்பிவிடுகின்றனர். அதனாலேயே, சரியான இடத்தை வெளியிடாமல் மறைத்துக்கொள்ளும் தாவர நூலாரும் இருக்கின்றனர். பெயர் உயர்த்தவும் செய்கின்றது; சூடும் போடுகின்றது.

அப்படியாயின் பெயரிடாமலே விட்டுவிடலாமா? அதற்கும் நான் உடன்படமாட்டேன். எஸ்பிரிட்டோ சாண்டோவின் கருங்கல் அறுத்து மெருகிடப்பட்டு உலகெங்கும் சமையற்கட்டு மேடைகளாகவும் தரைகளாகவும் போகின்றது. பாறையே போகும்போது பாறைச் செடி எங்கே நிற்கும்? பெயரில்லாத ஒன்று அறுபட்டால் அறிக்கை எழுதுபவன் பொய் சொல்லவேண்டிய தேவைகூட இல்லை. 'செடிகொடி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவான். பெயர் இருந்தால், குறைந்தபட்சம் அவன் மறைக்க வேண்டியிருக்கும். மறைத்தவனைப் பிடிக்க முடியும். பெயரிடுகிறவன் வாயில்லாப் படைப்புக்குப் பிணை நிற்கின்றான். மானுக்காக அண்ணலார் (ஸல்) பிணை நின்ற படலத்தைச் சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் பாடக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

டிக்கியா டிஸ்டாக்கியா முற்றிலும் ஒழிந்துபோகவில்லை. அணை நீர் ஏறுமுன் செடிகளைப் பெயர்த்தெடுத்தனர். தோட்டங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வளர்த்தனர். வேறு கரைகளில் நட்டுப் பார்த்தனர். பெயர் இருந்ததனால்தான் அவ்வளவாவது நடந்தது. ஆயினும் தொட்டியில் நிற்கும் செடிக்கு வெள்ளம் வருவதில்லை, வடிவதுமில்லை. இறைவன் அதற்குக் கற்பித்த வித்தை வெள்ளத்தில் பற்றிக்கொள்வது. தொட்டியில் அவ்வித்தைக்கு வேலையில்லை.

ஒவ்வொரு பொருளும் தன் நாயனைத் துதிக்கின்றது, அத்துதியை நாம் உணர்வதில்லை என்பது நம் ஈமானின் பகுதி. அண்ணலார் (ஸல்) அவர்கள் இரண்டு கப்றுகளின் மேல் பச்சை மட்டையைப் பிளந்து நட்டதும், அது காயாத வரை வேதனை இலேசாகலாம் என்று நவின்றதும் நாம் அறிந்ததே. பச்சையாக இருக்கும் வரை அது தஸ்பீஹ் செய்கின்றது என்று அதற்கு விளக்கம் எழுதியோர் உண்டு. அதனைப் பின்பற்றித்தான் நம் ஊர்களின் மையவாடிகளில் மீஸான் கல்லருகே ரைஹான் செடி நடுகிறோம். அதன் தஸ்பீஹ் நம் தாய் தந்தையருக்குப் பயன்படும் என்று நம்புகின்றோம்.

மாணவரிடம் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியென்றால் அந்த ஆற்றங்கரையில் ஒரு தஸ்பீஹ் நின்றுவிட்டதா ஹஜ்ரத்?" என்று கேட்டார். அதற்கு நான் விடை சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பாவின் கப்றுக்கு ஸியாரத் சென்றபோது, ரைஹானின் அருகே கல்லிடுக்கில் வேறொரு சிறு செடி முளைத்திருந்தது. களையென்று முன்பெல்லாம் கிள்ளி எறிந்திருக்கிறேன். அன்று குனிந்து பார்த்தேன். அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை. மையவாடியைக் காக்கும் முதியவரை அழைத்துக் கேட்டேன், அவருக்குத் தெரிந்திருந்தது.